பூனைக்காக ஏலம் போன எலுமிச்சம்பழம்

நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீசில் போன மாதம் கணினி வாங்கி வைத்தார்கள். ஓய்வு பெற்ற கிழவனையும் மறக்காமல் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இளம் வக்கீல் ஒருவர் அலுத்துக்கொண்டார். கட்சிக்காரர்கள் ஃபீஸ் கட்டாமல் இழுத்தடிக்கிறார்களாம். "ஒங்க காலத்துல எப்படி அங்கிள் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒரு தோட்டமே சேர்ந்து ஒத்த எலுமிச்சம்பழத்த வித்து எங்க ஐயாவுக்கு ஃபீஸ் கட்டுச்சு. அதுவும் ஒரு அனாதைப் பூனை கேசுக்கு" என்றேன்.

மேசையே சிரித்தது. டைப் அடிக்கும் பெண் ஒருத்தி, "அங்கிள், சும்மா கதை விடாதீங்கலா" என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. கதை விடுகிறேனாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலாயுதம். அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் கொஞ்சமும் டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் கொஞ்சமும் படித்து, வக்கீல் சந்தானம் ஐயாவிடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். முதல் இரண்டு வருஷம் தேத்தண்ணீர் வாங்கினேன், தபால்தலை ஒட்டினேன், திட்டு வாங்கினேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு வந்த வருஷங்களில் நில வழக்கு, லாரி மோதிய வழக்கு, அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட வழக்கு என்று எத்தனையோ பார்த்தேன். கோர்ட்டின்மேல் என்னைப் பைத்தியமாக்கியது மங்காத்தா வழக்குதான்.

சந்தானம் ஐயாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். முக்கியமான எதையும் சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கறுப்புக் கோட்டின் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். அதுவரை நீதிபதிகூடக் காத்திருப்பார். ஃபீஸ் வாங்காமல் வழக்கு எடுக்க மாட்டார். ஏழைகளிடம் குறைத்து வாங்குவார், ஆனால் வாங்கிவிடுவார். கல்நெஞ்சக்காரர் என்று டவுனில் பேசிக்கொள்வார்கள். நானும் ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"இனாமா செஞ்சா அவன் எனக்குக் கும்பிடு போடுவான், கிராணி. காசு குடுத்தவன்தான் 'ஏன் சார் இத இப்படிச் செஞ்சீங்க'ன்னு நிமிந்து கேப்பான். என்னைய அப்படிக் கேக்கணும்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது.

அது ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின் போட்ட அவசர காலம். காட்டில் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள். அவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்பதற்காகத் தோட்டத்து ஜனங்களை முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தது சர்க்கார். ரெம்பியா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பாலத்தடித் தோட்டத்திலும் அப்படித்தான். காட்டோரத்துப் பழைய லய வீடுகளைக் காலி பண்ணி, ஆபீஸ் பக்கத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் வேலி போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது.

ஜனங்கள் மாறி வரும்போது கோழியைத் தூக்கி வந்தார்கள், ஆட்டை ஓட்டி வந்தார்கள், மாரியம்மனையே லாரியில் ஏற்றி வந்தார்கள். பூனை மட்டும் வரவில்லை. அது பழைய லயத்தில் குட்டி போட்டிருந்தது.

பால்மரம் வெட்டும் மங்காத்தாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. சொறி பிடித்த நாய், கால் ஒடிந்த காக்கை, எது கிடந்தாலும் தூக்கி வந்து தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவாள். பூனைக்காரி என்று கேலி பண்ணுவார்கள். அவள் சட்டை பண்ண மாட்டாள். வேலைக்குப் போகிற வழியில் பழைய லயத்துக்குள் நுழைந்து அந்தப் பூனைக்குத் தன் சோற்றில் மிச்சம் வைத்து வந்திருக்கிறாள். ஒருநாள் கேட்டில் அவள் உறைந்த கட்டிப்பால் அள்ளும் சாக்குக்கு அடியில் ஒரு பொட்டலம் அகப்பட்டது. சோறும் கருவாட்டுத் தலையும்.

"யாருக்கு?" என்று கேட்டார் கேட்டில் இருந்த மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் யூசோப்.

"பூனைக்கு."

காவல்காரர்கள் சிரித்தார்கள். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. பழைய லயத்துப் பக்கம் காட்டிலிருந்து ஆட்கள் வந்து போன கால்தடத்தை அதற்கு முந்தைய வாரம்தான் பார்த்திருந்தார்கள். மங்காத்தாவை அலோர் காஜா லாக்கப்பில் வைத்து இரண்டு குற்றம் சாட்டினார்கள். வேலிக்கு வெளியே சோறு கொண்டு போனது ஒன்று. அதற்கு அபராதம் கட்டித் தப்பிக்கலாம். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொடுத்தது மற்றொன்று. அதற்கு வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஜாமீன் கிடையாது.

தோட்டத்தில் கோயில் காரியம் பார்த்தவர் கங்காணி முனியாண்டி. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனவர், அடுத்த வாரமே ஒரு பால் டின்னோடு வந்து மேசைமேல் ணங்கென்று வைத்தார். முகமெல்லாம் பெருமை.

"பாதி சேந்துருச்சு சார். வீடு வீடா நானே போனேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, கமுக்கமா முடிச்சுட்டேன்."

சந்தானம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"தோட்டத்துல கமுக்கமா வீடு வீடாப் போயி காசு வாங்குறது யாரு, முனியாண்டி?"

முனியாண்டியின் முகம் வெளிறிப்போனது. காட்டில் இருந்தவர்களுக்குத் தண்டல் பண்ணுகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். அந்தக் குற்றத்துக்கு அந்தக் காலத்தில் தூக்குவரை போகும் என்று குழந்தைக்கும் தெரியும்.

"மங்காத்தாவுக்குப் பக்கத்து அறையில ஒனக்கும் ஒரு பாய் போடச் சொல்லவா?"

"சார், நல்ல காரியம்னுதான..."

"கொண்டுபோய்த் திருப்பிக் குடு. நான் தொட மாட்டேன்."

முனியாண்டி டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. வாயை அடக்கத் தெரியாத வயசு.

"திருவிழாவுல ஏலம் விட்டா என்ன சார்?"

"எதை?"

"எலுமிச்சம்பழத்த."

ஐயா டவுனில் வளர்ந்தவர். தோட்டத்துத் திருவிழாவில் அம்மனின் சூலத்தில் குத்திய பழத்தை ஏலம் விடுவதும், அதை எடுத்தால் அந்த வருஷம் வீடு விளங்கும் என்று ஆட்கள் போட்டி போடுவதும் அவர் பார்த்திராத சங்கதி. நான் விளக்கி முடித்ததும், "போலீசுக்கு விண்ணப்பம் அடி" என்றார். "பட்டப்பகல்ல திருவிழா, ஏலம். ஏலக் காசு மங்காத்தா வக்கீல் ஃபீசுக்குன்னும் அடி."

"அதையுமா சார்?"

"அதத்தான் மொதல்ல அடிக்கணும். மறைச்சாத்தான் பயம்."

விண்ணப்பத்தைப் படித்த வெள்ளைக்கார அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காவலுக்கு சார்ஜன் யூசோப்பை அனுப்புவதாகச் சொன்னார். பிடித்துக் கொடுத்தவரே காவல். முனியாண்டி டின்னைக் கோயில் முன்னால் வைத்து, போட்டவன் போட்டதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஒரு தகராறும் வரவில்லை.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தீமிதி முடிந்ததும் முனியாண்டி பழத்தைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிப் பிடித்தார்.

"ஆத்தா சூலத்துல இருந்த பழம். காசு எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும், சார்ஜனுக்கும் தெரியும். கேளுங்கப்பா."

மாடு வைத்துப் பால் ஊற்றும் கோவிந்தன் பத்து வெள்ளிக்கு எடுத்தான். காசை வைத்தான், பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டான்.

"என்னடா?"

"ஆத்தாகிட்டயே இருக்கட்டும். மறுபடி கூறு."

யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை. அவனுக்கே தானாகத் தோன்றியது. அதற்குப் பிறகு பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எவனுக்கு முகம் இருக்கும்? மூன்றாவது லயத்துப் பெண்கள் சேர்ந்து எடுத்தார்கள், திருப்பி வைத்தார்கள். கள்ளுக்கடைக்காரர் எடுத்தார், வைத்தார். ரெம்பியாவிலிருந்து வந்திருந்த சீன மளிகைக்காரர் எடுத்துவிட்டு, பழம் தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று முனியாண்டியைக் கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மேனேஜர் துரைகூட மனைவி இடித்த இடியில் ஒரு கை பார்த்தார்.

சார்ஜன் யூசோப் என் பக்கத்தில் வந்து நின்றார். தோட்டத்திலேயே கிடந்து தமிழ் பழகியவர்.

"கிராணி, ஒரு லீமாவ் எத்தினி பேர் வாங்குது?"

"ஃபீஸ் சேர்ற வரைக்கும், சார்ஜன்."

"எல்லாம் பூனைக்கா?"

"பூனைக்கு."

அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "என் வீட்டில நாலு பூனை இருக்கு. ஆனா ரூல் ரூல்தான்லா" என்றார்.

பழம் கை பட்டுக் கை பட்டு வாடிக் குழைந்துபோன நேரத்தில் ஃபீஸ் சேர்ந்துவிட்டது. அபராதத்துக்கும் மிச்சம் இருந்தது. தினக்கூலி வாங்கும் ஜனங்கள், துப்பாக்கிக்கு முன்னால், பட்டப்பகலில், ஒருத்தியை மீட்கக் காசு போட்டார்கள். இவர்கள் என் ஆட்கள் என்று அன்றைக்குப் பட்ட பெருமை பிறகு எந்தச் சம்பளத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

முனியாண்டி காசைக் கொண்டுவந்து வைத்ததும் ஐயா ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகுதான் வேலை தொடங்கியது.

விசாரணையில் சார்ஜன் யூசோப் சாட்சி சொன்னார். பொட்டலத்தைக் காட்டும்படி அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார். சார்ஜன் விறைப்பாக நின்றார். பொட்டலம் இல்லை என்றார். எங்கே போனது என்றதும் இன்னும் விறைத்தார்.

"கூச்சிங் மாக்கான், துவான்."

ஸ்டேஷன் பூனை தின்றுவிட்டது. கோர்ட்டே குலுங்கியது. சந்தானம் ஐயா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தின்றது மனிதனா, பூனையா?" பூனைதான் என்றார் சார்ஜன். ஐயா உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி வெள்ளைக்காரர், சிடுமூஞ்சி. ஸ்டேஷனில் ஒரு பூனை இருக்கிறது என்பதால் காட்டில் ஒன்று இருக்கிறது என்று ஆகாது என்றார். ஐயா மறுபடி எழுந்தார். பிடிபட்ட அன்றே மங்காத்தா போலீசில் சொன்னது பதிவாகியிருக்கிறது, புள்ளிப் பூனை, இடது கண் குருடு, மூன்று குட்டி. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். நீதிபதி யோசித்து ஒப்புக்கொண்டார்.

மங்காத்தா உள்ளே போய் வாரக்கணக்காகிவிட்டது. லாக்கப்பில் அவளைப் பார்க்கப் போனபோது அவள் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி, அதுக்கு யாரு சோறு வக்கிறா?"

"யாரும் வக்கலக்கா. எப்படி வெளிய கொண்டு போறது?"

அதுவரை கண் கலங்காதவள் அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பூனை செத்திருந்தாலோ, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியிருந்தாலோ இவள் கதை முடிந்தது. இது எனக்குத் தெரியும். அவள் அதற்காக அழவில்லை என்பதும் தெரியும்.

பார்வையிடும் நாள் வந்தது. நீதிபதி, போலீஸ் அதிகாரி, அரசு வக்கீல், மொழிபெயர்ப்பாளர், துப்பாக்கியோடு ஒரு படை, நடுவில் மங்காத்தா. தோட்டத்து ஆபீசிலிருந்து கிளம்பும்போது ஐயா என் காதருகில், "முனியாண்டி ஒரு பொட்டலம் தருவான். ஃபைல் பையில வச்சுக்கோ. கேட்டுல யாரு கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார்.

கேட்டில் சார்ஜன் யூசோப் என் பையைத் திறந்தார். வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிய வக்கீல் கிராணியின் பையிலிருந்து கருவாட்டு நாற்றம் கும்மென்று கிளம்பியது.

"இது என்னா?"

"சோறு. கருவாடு."

"தாக் போலே" என்றார். கொண்டு போகக் கூடாது. காவலர்கள் இருவர் என் தோளைப் பிடித்தார்கள். பின்னால் ஜீப்பில் வந்த நீதிபதி என்ன தாமதம் என்று இறங்கி வந்தார்.

"யாருக்கு?" என்று சார்ஜன் கேட்டார்.

ஐயா உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லியிருந்தாரே.

"பூனைக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதியின் உதட்டோரத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "என் கிராணியும் என் கட்சிக்காரி சொன்ன பதிலையே சொல்கிறான், கனம் நீதிபதி அவர்களே. இவனையும் அதே குற்றத்துக்குப் பிடித்துக்கொள்ளலாமா?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்.

நீதிபதியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், மங்காத்தாவைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து, ஒரு பூனைக்கு ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோக அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார்ஜன் அதை வாங்கி, வரி வரியாகப் படித்துப் பார்த்து, சல்யூட் அடித்து வழி விட்டார். எனக்கு ஐயாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னையே சாட்சிப் பொருளாக்கிவிட்டார் மனுஷன். ஆனால் என்ன மூளை.

பழைய லயத்தில் தகரமெல்லாம் துருப்பிடித்து, முற்றத்தில் லாலான் புல் இடுப்பளவு நின்றது. மங்காத்தா பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அரசு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் குலதெய்வம், அவள் குலதெய்வம், தெரிந்த சாமி எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டேன்.

மங்காத்தா மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினாள். "ஐயா, இந்த பூட்ஸ் சத்தம் அதுக்கு ஆவாது. தொரைங்கள எல்லாம் செத்த ஒக்காரச் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீதிபதி ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, உடைந்த படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க முடியுமா? அரசு வக்கீல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். துப்பாக்கிக்காரர்கள் குந்தினார்கள். காடு அமைதியாகியது.

"புஸ்... புஸ்... ஏ ஒத்தக்கண்ணி, வாடி."

தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. எலும்பும் தோலுமாக, புள்ளி போட்ட உடம்பு, மூடிப்போன இடது கண். நேராக மங்காத்தாவின் காலில் வந்து தேய்த்தது. பின்னாலேயே இரண்டு குட்டிகள்.

அரசு வக்கீல் எழுந்தார். பதிவில் இருப்பது மூன்று, இங்கே இரண்டுதான் என்றார். மங்காத்தாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து லாலானுக்குள் தள்ளலாம் போல எனக்கு இருந்தது. அப்போது புல்லுக்குள் ஏதோ அசைந்தது. எல்லாவற்றிலும் சோனியாக ஒன்று, நடக்கத் தெம்பில்லாமல் உருண்டு வந்தது.

"தீகா, துவான்" என்றார் சார்ஜன் யூசோப், யாரும் கேட்காமலே. "மூணு."

வழக்கை அங்கேயே ஜெயித்துவிட்டோம். மேனேஜர் துரை அன்றே அந்தப் பூனைக் குடும்பத்தை வேலிக்குள் கொண்டுவரச் சொன்னார். கூடையைத் தூக்கி வந்தவர் சார்ஜன் யூசோப்தான்.

தீர்ப்பு நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. பாலத்தடித் தோட்டத்தில் ஒருநாள் கூலி போனாலும் போகிறது என்று பாதிப்பேர் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நீதிபதி அதே சிடுமூஞ்சியோடு வாசித்தார். காட்டுக்குச் சோறு கொடுத்த குற்றம் தள்ளுபடி. வேலிக்கு வெளியே சோறு கொண்டு போனதற்கு அபராதம். முனியாண்டி எழுந்து, நிமிர்ந்து, எல்லோரும் பார்க்க அதைக் கட்டினார்.

மங்காத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கூண்டிலேயே நின்றாள். மொழிபெயர்ப்பாளர் அருகில் போனார்.

"முடிஞ்சு போச்சும்மா. நீ போகலாம்."

"யாரு கூட?" என்று கேட்டாள்.

லாக்கப்பிலிருந்து கோர்ட்டுக்கு, கோர்ட்டிலிருந்து லாக்கப்புக்கு, இத்தனை நாளும் போலீஸ்காரர் கூட்டிப் போகாமல் அவள் ஓர் அடி வைத்ததில்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்ல வாயெடுத்துத் தடுமாறினார். எத்தனையோ பேருக்குத் தூக்குத் தண்டனையைக்கூடத் தடுமாறாமல் மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்.

"யாரு கூடவும் இல்லம்மா. நீயாப் போகலாம்."

மங்காத்தா முந்தானையை இழுத்துச் செருகினாள். கூண்டிலிருந்து இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்; யாரும் அவள் கையைப் பிடிக்க வரவில்லை. வாசலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, அலோர் காஜா பஸ் நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். தோட்டமே அவளுக்குப் பின்னால் நடந்தது. நானும் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது சந்தானம் ஐயா கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.